தண்ணீருக்கு அடியில் நடப்பது
(சபையின் ஆண்டு விழா ஒன்றுகூடலில் பெற்றாருக்கும் பிள்ளைகளுக்கும் ஆற்றிய உரை)



பிள்ளைகளுக்கும் விளங்க வேண்டும், பெரியவர்களுக்கும் பயன்பட வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேசுகிறேன். அது நீச்சல்.

இங்கே இருக்கும் பெரியவர்களில் நீந்தத் தெரிந்தவர்கள் ஊரில் கிணற்றிலும் கேணியிலும் கடலிலும் பழகினவர்கள். அண்ணன்மார் தள்ளிவிட்டார்கள், கையைக் காலை அடித்துக் கரை சேர்ந்தோம். நேரம் பார்க்க எவரும் நிற்கவில்லை. எங்கள் பிள்ளைகளின் கதை வேறு. முதலில் சேபெர்ட்ஷன் என்னும் கடற்குதிரைச் சின்னம். கரையிலிருந்து குதித்து, 25 மீற்றர் நீந்தி, தோளளவு தண்ணீரில் கிடக்கும் பொருளை எடுத்துக் காட்டினால் அது கிடைக்கும். அதன் பிறகு வெண்கலம், வெள்ளி, தங்கம். சிலர் கழகத்தில் சேர்ந்து, கிழமையில் மூன்று நாலு நாள் பயிற்சிக்குப் போய், சனி ஞாயிறில் போட்டிகளில் நீந்துகிறார்கள். அங்கே எங்கள் பிள்ளைகளை நாங்கள் ஒருவரிடம் ஒப்படைக்கிறோம். அவர்தான் பயிற்றுவிப்பாளர், பிள்ளைகளின் சொல்லில் ட்றெயினர்.

அந்தப் பயிற்றுவிப்பாளர் வெற்றிக்காக விதியை வளைத்தால் என்ன செய்வது? இன்று நான் பேச வந்த விடயம் இதுதான்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். புதிதாக ஒன்றைச் செய்வதெல்லாம் விதியை மீறுவது ஆகாது. பிள்ளைகள் டெல்பின் என்று சொல்லும் வண்ணத்துப்பூச்சி நீச்சல் எப்படிப் பிறந்தது தெரியுமா? 1930களில் அது தனி நீச்சலாக இருக்கவில்லை. தவளை நீச்சல் நீந்தியவர்களில் சிலர் கைகளைத் தண்ணீருக்கு மேலால் வீசிப் பார்த்தார்கள். விதியில் அதற்குத் தடை இருக்கவில்லை. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்துப் பயிற்றுவிப்பாளர் டேவிட் ஆம்புறுஸ்ரரும் அவருடைய மாணவர் ஜாக் சீக்கும், இரண்டு காலையும் சேர்த்து மீன் வாலைப்போல அடித்தால் இன்னும் வேகம் வரும் என்று கண்டார்கள். போட்டியில் அந்த உதை செல்லாது, தவளைபோலத்தான் உதைக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. அவர்கள் அதை ஒளித்துச் செய்யவில்லை. எல்லோருக்கும் காட்டினார்கள். கடைசியில் 1952இல் அது தனி நீச்சலாக ஏற்கப்பட்டு, 1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் முதல்தடவையாக இடம்பெற்றது.

அதே மெல்பேர்ணில் யப்பானைச் சேர்ந்த மசாரு புருகாவா 200 மீற்றர் தவளை நீச்சலில் பெரும்பகுதியைத் தண்ணீருக்கு அடியிலேயே நீந்தித் தங்கம் வென்றார். அதைத் தடுக்கும் விதி அப்போது இருக்கவில்லை. பிறகு விதியை மாற்றினார்கள். 1988இல் சியோலில் அமெரிக்கரான டேவிட் பேர்கொஃப், முதுகு நீச்சலில் தொடக்கத்திலேயே நெடுந்தூரம் தண்ணீருக்கு அடியில் டொல்பின் உதை போட்டு உலக சாதனை படைத்தார். அதற்கும் எல்லை வைத்தார்கள். முதலில் 10 மீற்றர் என்றும் பிறகு 15 மீற்றர் என்றும் ஆக்கினார்கள். இவர்கள் ஒருவரையும் ஏமாற்றவில்லை. நடுவர் பார்த்தார், பக்கத்துப் பாதையில் நீந்தியவர் பார்த்தார், சனம் பார்த்தது. விதியில் இருந்த இடைவெளி எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது, பிறகு அது அடைக்கப்பட்டது. இதைப் புத்திசாலித்தனம் என்று சொல்லலாம்.

இனி இரண்டாவது வகை. இது கொஞ்சம் சிக்கலானது.

தவளை நீச்சலில் குதித்த பிறகும் திரும்பிய பிறகும் தண்ணீருக்கு அடியில் டொல்பின் உதை போடக் கூடாது என்பது பழைய விதி. 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 100 மீற்றர் தவளை நீச்சலில் யப்பானின் கொசுகே கிடாஜிமா தங்கம் வென்றபோது, அவர் அந்த உதையைப் போட்டார் என்று அமெரிக்க அணியினர் குற்றஞ்சாட்டினார்கள். நடுவர்கள் கரையில் நிற்கிறவர்கள். நுரைக்குக் கீழே நடப்பதை அவர்கள் காண்பது கடினம். அடுத்த ஆண்டு விதி தளர்ந்தது. ஒரேயொரு டொல்பின் உதை போடலாம் என்று அனுமதித்தார்கள்.

ஒன்றை அனுமதித்தபோது சிலர் இரண்டும் மூன்றும் போட்டார்கள். 2012இல் லண்டனில் தென்னாபிரிக்காவின் கமரன் வான் டெர் பேர்க் 58.46 செக்கனில் உலக சாதனையோடு தங்கம் வென்றார். சில நாட்களின் பின் அவர் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில், அனுமதித்ததைவிடக் கூடுதலான உதை போட்டதை ஒப்புக்கொண்டார். எல்லோரும் செய்கிறார்கள், செய்யாவிட்டால் பின்தங்கிவிடுவோம் என்பது அவருடைய விளக்கம். தண்ணீருக்கு அடியிலான ஒளிப்பதிவை நடுவர்கள் பார்க்க வேண்டும் என்றும் அவரே சொன்னார். பதக்கம் அவரிடமே இருந்தது. இரண்டாவதாக வந்த அவுஸ்திரேலியரின் நேரம் 58.93. அரைச் செக்கனிலும் குறைந்த இடைவெளி.

அவர் வெளிப்படையாகப் பேசியதை நான் மதிக்கிறேன். ஆனால் பிள்ளைகளே, அந்தப் போட்டியில் ஒரே ஒரு உதை மட்டும் போட்ட ஒருவர் இருந்திருந்தால் அவருக்கு என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "எல்லோரும் செய்கிறார்கள்" என்று சொல்லும்போது, செய்யாதவரை நாங்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை.

அந்த உதை ஒருவருக்குத் தானாக வருவதுமில்லை. நூற்றுக்கணக்கான தடவை பயிற்சியில் செய்துதான் போட்டியில் வரும். பயிற்சியின்போது கரையில் நின்று பார்ப்பவர் பயிற்றுவிப்பாளர். அவர் வேண்டாம் என்று சொல்லலாம். பேசாமலும் இருக்கலாம். பேசாமல் இருந்தால் அதுவும் ஒரு பாடம்தான்.

மூன்றாவது வகைக்கு வருகிறேன். இது நாங்கள் வாழும் இந்த யேர்மனியிலேயே, அன்றைய கிழக்கு யேர்மனியில் நடந்தது. எங்களில் கனபேர் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த காலத்திலும் நடந்துகொண்டிருந்தது.

1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் கிழக்கு யேர்மனியின் பெண் நீச்சல் வீராங்கனைகள் ஒரு தங்கமும் பெறவில்லை. நாலு ஆண்டுகளின் பின், 1976இல் மொன்றியலில், பெண்களுக்கான 13 போட்டிகளில் 11இல் அவர்கள் தங்கம் வென்றார்கள். உலகம் வியந்தது. அமெரிக்காவின் ஷேர்லி பாபஷொஃப் மட்டும் வாய்திறந்து, இந்தப் பிள்ளைகளின் தோற்றமும் குரலும் ஏன் இப்படி மாறியிருக்கின்றன என்று கேட்டார். அவர் அங்கே நாலு வெள்ளி எடுத்தவர். தோற்ற எரிச்சலில் பேசுகிறார் என்று பத்திரிகைகள் அவரைத்தான் ஏசின.

உண்மை பேர்லின் மதில் விழுந்த பிறகு வெளிவந்தது. ஹைடெல்பேர்க்கைச் சேர்ந்த விஞ்ஞானி வேர்ணர் பிராங்கவும், முன்னாள் விளையாட்டு வீராங்கனையான அவருடைய மனைவி பிரிகிற்ற பெரெண்டொங்கும் இரகசிய ஆவணங்களைத் தேடி எடுத்து 1991இல் வெளிப்படுத்தினார்கள். 1974இல் வகுத்த அரச திட்டம் ஒன்று இருந்தது. அதன் எண் 14.25. ஜெனாவில் செய்த ஓரல் ருறினபோல் என்ற நீலநிறக் குளிசை அதில் முக்கியமானது. அது ஆண்களின் சுரப்பைப்போல உடலில் வேலை செய்யும் மருந்து. பத்தாயிரம் விளையாட்டு வீரர் வீராங்கனைகள் அளவில் இந்தத் திட்டத்துக்குள் வந்தார்கள் என்று மதிப்பிடப்படுகிறது. அவர்களில் பதின்மூன்று, பதினாலு வயதுச் சிறுமிகளும் இருந்தார்கள்.

அந்தக் குளிசையைப் பிள்ளையின் கையில் யார் கொடுத்தார்? அரசாங்கத்து மந்திரி நீச்சல் தடாகத்துக்கு வரவில்லை. ஒவ்வொரு நாளும் பிள்ளையோடு நின்ற பயிற்றுவிப்பாளர் கொடுத்தார். விற்றமின் என்று சொல்லிக் கொடுத்தார். பிள்ளை நம்பி விழுங்கியது. வெளியில் இதைப் பற்றிப் பேசக் கூடாது. பெற்றாருக்கும் உண்மை தெரியாது.

1980இல் மொஸ்கோவில் 15 வயதான றிக்கா றைனிஷ் மூன்று தங்கம் வென்றார். சிறிது காலத்திலேயே சூலக நோயால், மருத்துவ ஆலோசனைப்படி நீச்சலை விட வேண்டியதாயிற்று. 100 மீற்றர் வண்ணத்துப்பூச்சி நீச்சலை 1977இல் உலகில் முதலாவதாக ஒரு நிமிடத்துக்குள் முடித்த பெண் கிறிஸ்ரியான க்னாக்க. அவர் 1998இல் பேர்லின் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். அந்தக் குளிசைகள் தன் உடலையும் மனதையும் கெடுத்துவிட்டன என்றார். தன் ஒலிம்பிக் பதக்கமும் தனக்கு வேண்டாம் என்றார். வேறு பலருக்கு ஈரல் நோய், இருதய நோய், மாறிய குரல், பிள்ளைப்பேற்றில் துன்பம் என்று பாதிப்புகள் தொடர்ந்தன. பயிற்றுவிப்பாளர்களும் மருத்துவர்களும் தண்டம் கட்டினார்கள். 2000ஆம் ஆண்டில் விளையாட்டுத் துறைத் தலைவராக இருந்த மன்பிரெட் ஏவால்டுக்கு 22 மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை கிடைத்தது. 2002இலும் 2016இலும் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ இந்த நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் மொன்றியலின் பதக்கப் பட்டியல் இன்றும் மாறவில்லை. ஷேர்லியின் வெள்ளி வெள்ளியாகவே இருக்கிறது.

ஒரு கூடுதல் உதையையும் இந்தக் கொடுமையையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இரண்டும் ஒன்றல்ல. ஒன்றில் ஏமாந்தவர் பக்கத்துப் பாதையில் நீந்தியவர். மற்றதில் தன் சொந்தப் பிள்ளைபோலப் பயிற்றிய மாணவியும் ஏமாந்தாள், அவளுடைய தாயும் ஏமாந்தாள். ஆனால் இரண்டு இடத்திலும் சொன்ன சாட்டு ஒன்றுதான். மற்றவர்களும் செய்கிறார்கள், நாங்கள் செய்யாவிட்டால் தோற்போம்.

அந்தக் காலத்தில் வேறு வழி இருக்கவில்லை என்று சிலர் சொல்வார்கள். இருந்தது. அதே கிழக்கு யேர்மனியில் ஹென்னர் மிசேர்ஸ்கி என்று பனிச்சறுக்கல் பயிற்றுவிப்பாளர் ஒருவர் இருந்தார். தன்னிடம் பயின்ற பெண்களுக்கு அந்தக் குளிசையைக் கொடுக்க மாட்டேன் என்று மறுத்தார். அவர்களில் அவருடைய மகள் அன்ரியேயும் ஒருத்தி. 1985இல் அவருடைய வேலை போயிற்று. மகளும் பனிச்சறுக்கலை விட்டு விலகினாள். சில ஆண்டுகள் சென்று, அரசியல் மாறிய காலத்தில், அவள் பயத்லோன் போட்டிக்குத் திரும்பி, 1992இல் அல்பேர்வில் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றாள்.

மகள் வென்றதனால் தகப்பன் செய்தது சரியாயிற்று என்று நான் சொல்லவில்லை. அவள் ஒருநாளும் வெல்லாமல் இருந்திருந்தாலும் அவர் செய்தது சரிதான். வேலையை இழந்த அன்று அவருக்கு 1992 தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: இந்தக் குளிசை என்னவென்று பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துச் சொல்லித் தன்னால் கொடுக்க முடியாது.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருவோம். எங்கள் பிள்ளைகள் ஒலிம்பிக்குக்குப் போகவில்லை. ஆனால் சிறிய தடாகத்திலும் இதே சோதனை உண்டு. தவளை நீச்சலில் திரும்பும்போது இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். பத்து வயதுப் பிள்ளை ஒரு கையால் தொட்டுவிட்டது. நடுவர் காணவில்லை. பிள்ளை பயிற்றுவிப்பாளரிடம் வந்து, "நான் பிழையாகத் தொட்டேன்" என்கிறது. அவர், "உஷ், ஒருவரும் காணவில்லை" என்று கண்ணடிக்கலாம். அல்லது, "நல்லது, சொன்னாய். வா, நடுவரிடம் போய்க் கேட்போம்" என்று கூட்டிக்கொண்டு போகலாம். அந்த ஒரு நிமிடத்தில் பிள்ளை படிப்பதை ஆயிரம் மீற்றர் பயிற்சியில் படிக்காது.

பயிற்றுவிப்பாளர் ஒருவர் செய்வது சரியா என்று அறிய நீண்ட சட்டப் புத்தகம் தேவையில்லை. நடுவர் முன்னால் சத்தமாகச் சொல்லக்கூடியதா? தோற்ற பிள்ளையின் தகப்பனிடம் சொல்லக்கூடியதா? இந்தப் பிள்ளையின் தாயிடம் சொல்லக்கூடியதா? மூன்றுக்கும் ஆம் என்றால், அது புதிய முறையாக இருந்தாலும் பயமில்லை. ஒன்றுக்கு இல்லை என்றாலும் அங்கே ஏதோ ஒளிந்திருக்கிறது.

பெற்றாரே, இங்கே எங்களுக்கு ஒரு தனிப்பட்ட ஆபத்து இருக்கிறது. எங்களில் பலருக்கு இந்த நாட்டு மொழி இன்னும் முழுதாக வசப்படவில்லை. பயிற்றுவிப்பாளர் சொல்வதைப் பிள்ளைதான் எங்களுக்குத் தமிழில் சொல்கிறது. நாங்கள் கேட்பதைப் பிள்ளைதான் அவருக்குச் சொல்கிறது. ஆகவே பிள்ளை எதைச் சொல்லாமல் விடுகிறதோ அது எங்களுக்குத் தெரியாமலே போகும். இதற்கு வெட்கப்படத் தேவையில்லை, வழி தேட வேண்டும். மொழி தெரிந்த ஒருவரை, இந்தச் சபையில் உள்ள அண்ணனை அல்லது அக்காவைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் தடாகத்துக்குப் போங்கள். பயிற்றுவிப்பாளரிடம் நேரே கேளுங்கள். பிள்ளைக்கு என்ன குடிக்கக் கொடுக்கிறீர்கள், ஏதாவது மாத்திரை உண்டா, எடை குறைக்கச் சொன்னீர்களா என்று கேட்பது அவமரியாதை அல்ல. நல்ல பயிற்றுவிப்பாளர் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

விதியை வளைக்கும்படி நாங்களே அவரை நெருக்கவும் கூடாது. மகன் 20 மீற்றரில் சுவரைப் பிடித்துவிட்டான், பரவாயில்லை, சேபெர்ட்ஷன் கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சுகிற பெற்றார் உண்டு. அந்தச் சின்னம் இருந்தாலும் பிள்ளை இன்னும் பாதுகாப்பாக நீந்தத் தெரிந்தவன் அல்ல, வெண்கலம் பெற்ற பிறகுதான் அப்படிச் சொல்லலாம் என்று உயிர்காப்புச் சங்கத்தினரே எச்சரிக்கிறார்கள். கெஞ்சிப் பெற்ற சின்னம் ஆழமான ஏரியில் பிள்ளையைத் தாங்காது. வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வியாக "எத்தனையாவது வந்தாய்?" என்று கேட்பதையும் கொஞ்சம் குறைப்போம். அந்தக் கேள்வியைத் தினமும் கேட்கிற வீட்டில், பிழையாகத் தொட்டேன் என்று சொல்லப் பிள்ளைக்குத் துணிவு வராது.

பிள்ளைகளே, கடைசியாக உங்களுக்கு. ட்றெயினருக்கு மரியாதை கொடுங்கள். களைத்திருந்தாலும் இன்னும் நாலு தடவை நீந்து என்றால் நீந்துங்கள். ஆனால் எவராவது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், "இதை வீட்டில் சொல்லாதே" என்றால், அதை அன்றைக்கே வீட்டில் சொல்ல வேண்டும். அது குளிசையாக இருக்கலாம், பானமாக இருக்கலாம், ஒரு பொய்யாக இருக்கலாம், உங்களுக்குப் பிடிக்காத வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். அம்மாவுக்குச் சொல்லப் பயமென்றால் அப்பாவுக்குச் சொல்லுங்கள். இருவருக்கும் சொல்ல முடியாவிட்டால் ஞாயிறு பாடசாலை ஆசிரியையிடம் வாருங்கள். ஒருவரும் உங்களை ஏச மாட்டார்கள். அந்த நீலக் குளிசை அவ்வளவு காலம் ஓடியதற்கு ஒரு காரணம், அதை விழுங்கிய பிள்ளைகளைப் பேசவிடாமல் வைத்திருந்ததுதான்.

பெற்றாரே, பெரியோரே, இதை உங்கள் முன்னிலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டேன். அவர்கள் வந்து சொல்லும்போது கேட்க வேண்டியது இனி எங்கள் பொறுப்பு. போட்டி முடிந்து ஈரத் தலையோடு காரில் ஏறும் பிள்ளை ஏதோ சொல்லத் தொடங்கினால், வானொலியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.